‘ரெண்டுல ஒண்ணு’ எப்போதும் தப்பாகிறதா? கிளாட் லாஜிக்கல் ரீசனிங் படித்த அனுபவம்

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேருவதற்கான நுழைவுத் தேர்வான கிளாட் (CLAT) எழுதப்போகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது "அக்கா, மொத்தம் எத்தனை மாக் எழுதணும்?" என்பதைத்தான், மாக் என்றால் மாதிரித் தேர்வு. நான் திருப்பிக் கேட்பது "போன ஞாயித்துக்கிழமை எழுதினதுல எது எது தப்பாச்சு, ஏன் தப்பாச்சு?" என்று. மார்க்கை டக்கென்று சொல்லிவிடுவார்கள், காரணம் கேட்டால் முழிப்பார்கள். லாஜிக்கல் ரீசனிங், அதாவது வாதங்களை அலசச் சொல்கிற பகுதியைப் பொறுத்தவரை அந்தக் காரணத்தில்தான் மொத்தப் படிப்பும் இருக்கிறது. மாக் டெஸ்ட் எழுதுகிற இரண்டு மணி நேரத்தில் நாம் எதையும் கற்றுக்கொள்வதில்லை, எழுதி முடித்து விடைத்தாளோடு உட்காருகிறோமே, அந்த நேரத்தில்தான் கற்றுக்கொள்கிறோம். இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் கொருக்குப்பேட்டைப் பெண். 2022 டிசம்பரில் கிளாட் எழுதி ஒரு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போதெல்லாம் எங்கள் தெருவிலும் தண்டையார்பேட்டைப் பக்கமும் இருக்கிற சில பிள்ளைகள் மொட்டை மாடிக்கு வந்துவிடுவார்கள். அப்பா துறைமுகத்தில் வேலை, அம்மா தையல், வீட்டில் யாரும் வக்கீல் கிடையாது என்கிற மாதிரியான பிள்ளைகள். நம் ஊரில் அரசு சட்டக் கல்லூரிகளுக்கு ப்ளஸ் டூ மார்க் வைத்தே அட்மிஷன் நடப்பதால், நுழைவுத் தேர்வு எழுதி சட்டம் படிக்கலாம் என்பதே இங்கே பலருக்குப் புதுச் செய்தி. திருச்சியில் இருக்கிற தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் கிளாட் வழியாகத்தான் போக வேண்டும் என்பதைப் பத்தாவது படிக்கும்போதே யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவோ பிள்ளைகள் முன்கூட்டியே தயாராகியிருப்பார்கள்.

சரி, தேர்வைப் பற்றி. நான் எழுதியபோது 150 கேள்வி, அதற்கடுத்த தேர்விலிருந்து 120 ஆகக் குறைத்துவிட்டார்கள். நேரம் அதே இரண்டு மணி. ஓஎம்ஆர் தாளில் பேனாவால் வட்டம் நிரப்ப வேண்டும், சரியான விடைக்கு 1, தப்பான விடைக்கு கால் மார்க் போகும், முழுக்க ஆங்கிலம். அதில் லாஜிக்கல் ரீசனிங்குக்கு 22 முதல் 26 கேள்விகள், அதாவது ஐந்தில் ஒரு பங்கு. சுமார் 450 வார்த்தையில் ஒரு பத்தி கொடுத்து, அதை ஒட்டிச் சில கேள்விகள் கேட்பார்கள். பத்தி பெரும்பாலும் நாளிதழின் நடுப்பக்கக் கட்டுரை மாதிரி இருக்கும், யாரோ ஒருவர் ஏதோ ஒன்றை வாதாடிக்கொண்டிருப்பார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சென்ட்ரல் பக்கத்தில் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் கிளாட் கைடு மலிவாகக் கிடைக்கும். வாங்கும் முன் அச்சிட்ட வருஷத்தைப் பாருங்கள். 2019 வரைக்கும் கிளாட் 200 கேள்வித் தேர்வு, அதில் லாஜிக் என்றால் ரத்த உறவு, திசை, கோடிங், வரிசையில் யார் யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்கிற ரகம். 2020 முதல்தான் எல்லாம் பத்தி வடிவத்துக்கு வந்தது. பழைய கைடை வைத்து மாதக்கணக்கில் உழைத்துவிட்டு, உண்மையான கேள்வித்தாளைப் பார்த்ததும் வாய் உலர்ந்துபோன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், மனசு வலித்தது. அந்தப் புத்தகம் வீண் என்று சொல்லவில்லை. டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் தனியாக நடத்துகிற ஐலெட் தேர்வில் 150 கேள்வியில் 70 லாஜிக்கல் ரீசனிங். அதையும் எழுதுகிறவர்களுக்கு அந்தப் புதிர் ரகமும் வேண்டும். கிளாட் மட்டும் எழுதுகிறவர் முதலில் வாதத்தைப் படிக்கப் பழக வேண்டும், புதிரெல்லாம் அதற்கப்புறம்.

வாதத்தைப் படிப்பது என்றால் என்ன? மாடியில் நான் வழக்கமாகக் கொடுக்கிற உதாரணத்தையே சொல்கிறேன். இது நானே எழுதிய பத்தி, செய்தி இல்லை. "எண்ணூர் விரைவுச் சாலையில் பகல் நேரத்தில் கன்டெய்னர் லாரிகளை விடக் கூடாது. பள்ளிப் பிள்ளைகள் அந்தச் சாலையில் சைக்கிள் ஓட்டவே பயப்படுகிறார்கள். லாரிகளை இரவுக்கு மாற்றிவிட்டால் அந்தச் சாலையில் விபத்து குறையும்." இதில் கன்க்ளூஷன், அதாவது வாதத்தின் முடிவு எது? பாதிப் பேர் பிள்ளைகள் பயப்படுவதைத்தான் சொல்வார்கள், ஏனென்றால் மனதைத் தொடுவது அதுதான். அது காரணம்தான், கன்க்ளூஷன் இல்லை. லாரியை இரவுக்கு மாற்ற வேண்டும், மாற்றினால் விபத்து குறையும் என்பதுதான் இவர் நம்மை ஏற்கச் சொல்வது. அடுத்தது அசம்ப்ஷன், அதாவது இவர் வாய் திறந்து சொல்லாமல் நம்பிக்கொண்டிருப்பது. அந்தச் சாலையின் விபத்துகளில் லாரிக்குப் பெரிய பங்கு இருக்கிறது, அவை பகலில் நடக்கின்றன, இரவுக்குத் தள்ளினால் அதே அளவு விபத்து இரவில் நடக்காது என்று மூன்றையும் ஒரு வார்த்தை கூடச் சொல்லாமல் நம்பிவிட்டார். ஒன்று அசம்ப்ஷனா இல்லையா என்று சந்தேகம் வந்தால் அதை மறுத்துப் பாருங்கள். "விபத்துகள் பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல்தான் நடக்கின்றன" என்று வைத்துக்கொண்டால் வாதம் அப்படியே விழுந்துவிடுகிறது இல்லையா, அப்படியென்றால் விபத்து பகலில் நடக்கிறது என்பது வாதத்தைத் தாங்கிக்கொண்டிருந்த தூண். மறுத்த பிறகும் வாதம் நின்றால் அது தூண் இல்லை. வாதத்தை பலவீனப்படுத்தும் கூற்று எது என்று கேட்டால் அந்தத் தூணை அசைக்கிற ஆப்ஷன், பலப்படுத்துவது எது என்று கேட்டால் அதற்கு முட்டுக் கொடுக்கிற ஆப்ஷன். கேள்வியின் பெயர் மாறுகிறதே தவிர நாம் தேடிப் போகிற இடம் ஒன்றுதான்.

இதே பத்திக்கு "தடை வந்தால் துறைமுகத்தின் வருமானம் குறையும்" என்று ஒரு ஆப்ஷனும் வைப்பேன். காசிமேட்டுப் பிள்ளைகளும் ராயபுரத்துப் பிள்ளைகளும் பலவீனப்படுத்துவதற்கு அதைத்தான் போடுவார்கள். "அக்கா, லாரி ஓடலன்னா எங்கப்பாவுக்கு வேலையே இல்லக்கா" என்று ஒரு பையன் உண்மையான கோபத்தோடு என்னிடம் வாதாடினான். அவன் சொல்வது நியாயம், ஆனால் பத்தி பேசுவது விபத்தைப் பற்றி. வருமானம் குறைந்தாலும் விபத்து குறையலாம், ஆகவே அந்த ஆப்ஷன் வாதத்தைத் தொடவே இல்லை. இதிலிருந்து நான் புரிந்துகொண்ட ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நமக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தைப் பற்றிப் பத்தி வந்தால்தான் அதிகம் தப்பாகும். தெரியாத விஷயம் என்றால் பத்தியை மட்டும் நம்பிப் படிப்போம். தெரிந்த விஷயம் என்றால் நம் வாழ்க்கையையும் சேர்த்துப் படித்துவிடுவோம். மீன்பிடித் தடைக்காலம், வெள்ளம், குப்பைக் கிடங்கு, ரேஷன் என்று நம் பக்கத்து விஷயம் எது வந்தாலும் இரண்டு மடங்கு கவனம் வேண்டும்.

அடுத்து "இப்படி இருந்தால் அப்படி" ரக வாக்கியங்கள். பலத்த மழை பெய்தால் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும், வியாசர்பாடிப் பக்கத்தில் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்று அங்கே தண்ணீர் நிற்கிறது, ஆகவே பலத்த மழை பெய்திருக்கிறது என்று சொல்லலாமா? கூடாது, குடிநீர்க் குழாய் உடைந்திருக்கலாம். மழை பெய்யவில்லை, ஆகவே தண்ணீர் நிற்காது என்று சொல்லலாமா? அதுவும் கூடாது, அதே குழாய்தான் காரணம். தண்ணீர் நிற்கவில்லை, ஆகவே பலத்த மழை பெய்யவில்லை, இது மட்டும்தான் செல்லும். இந்த நான்கையும் தமிழில் நம் தெருவை வைத்து வாய்விட்டுச் சொல்லிப் பழகிய பிறகு ஆங்கில வாக்கியங்களுக்குப் போனால் குழப்பம் பாதியாகக் குறையும். "ரேஷன் கார்டு இருந்தால் மட்டுமே பொங்கல் பரிசு" என்றால் கார்டு வைத்திருக்கிற எல்லோருக்கும் கிடைக்கும் என்று அர்த்தம் இல்லை, கிடைத்தவரிடம் கார்டு இருக்கிறது என்பது மட்டும்தான் உறுதி. பத்தியில் இந்த மாதிரி வாக்கியம் வந்தால் ஓரத்தில் ஒரு அம்புக்குறி போட்டு எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று குறித்துவிடுங்கள், கேள்வித்தாளில் எழுதிக்கொள்ள இடம் இருக்கும்.

தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஆங்கிலம் சரளமாக வந்த பிறகு லாஜிக் ஆரம்பிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள், அந்த நாள் தேர்வுக்கு முன் வராது. தமிழ் நாளிதழின் தலையங்கத்தை எடுத்து தினமும் ஒன்றுக்கு இவர் என்ன சொல்ல வருகிறார், ஏன் சொல்கிறார், எதைச் சொல்லாமல் நம்புகிறார் என்று மூன்று வரி எழுதுங்கள். அதோடு ஆங்கில நாளிதழில் ஒரே ஒரு கட்டுரை, அதற்கும் அதே மூன்று வரி, தமிழிலேயே எழுதலாம். தேர்வு அறையிலும் ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் தமிழில் நான்கு வார்த்தை எழுதிக்கொண்டுதான் நான் கேள்விக்குப் போனேன். ஆப்ஷன்களைப் படிக்கும்போது குழப்பம் வந்தால் முழுப் பத்தியையும் திரும்பப் படிக்காமல் அந்த நான்கு வார்த்தையைப் பார்த்தால் போதும்.

இப்போது மாக். எங்கே எழுதுவது என்பதே எங்கள் பக்கத்தில் முதல் பிரச்சினை. ஒண்டுக்குடித்தன வீடு, பக்கத்து வீட்டு சீரியல் நம் வீட்டுக்குள் கேட்கும், ஆடி மாதம் என்றால் அம்மன் கோயில் ஸ்பீக்கர். கிளை நூலகம் நல்ல இடம். கொளத்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகம் இருக்கிறது, போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் உட்கார்ந்து படிக்கவென்றே இடம் உண்டு. எங்கும் வழியில்லை என்றால் வீட்டிலேயே சத்தத்தோடு எழுதுங்கள், தப்பில்லை. தேர்வு அறையிலும் யாராவது இருமிக்கொண்டேதான் இருப்பார்கள். ஆனால் இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். கிளாட் மதியம் 2 மணிக்கு ஆரம்பித்து 4 மணிக்கு முடிகிறது, சாப்பிட்டுக் கண் செருகுகிற நேரம், ஆகவே மாக்கும் அதே நேரத்தில். அப்புறம் போனில் தொட்டுத் தொட்டு எழுதாமல் ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் போட்டு, ஓஎம்ஆர் தாளும் சேர்த்து எடுத்து, பேனாவால் எழுதுங்கள். வட்டம் நிரப்புவதற்கு எவ்வளவு நேரம் போகிறது என்பது கையால் நிரப்பினால்தான் தெரியும்.

எழுதும்போது நிச்சயமாகத் தெரிந்ததற்கு ஒன்றும் போட வேண்டாம், சந்தேகத்தோடு போட்டதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு மணி நேரம் முடிந்ததும் விடைகளைப் பார்க்கக் கூடாது. இதுதான் கஷ்டம், கை துடிக்கும். ஒரு டீ குடித்துவிட்டு வந்து, லாஜிக் பகுதியில் புள்ளி வைத்த கேள்விகளை மட்டும் கடிகாரம் இல்லாமல் இன்னொரு முறை போடுங்கள், வேறு மை பேனாவில். ஒவ்வொன்றுக்கும் மற்ற மூன்று ஆப்ஷன் ஏன் இல்லை என்று ஒரு வரி எழுதிவிட்டுத்தான் விடையைப் பார்க்க வேண்டும். இப்போது கையில் இரண்டு தனித்தனி மார்க் இருக்கும், கடிகாரத்தோடு வாங்கியது ஒன்று, கடிகாரம் இல்லாமல் வாங்கியது ஒன்று. கடிகாரத்தோடு 24-க்கு 13, கடிகாரம் இல்லாமல் 20 என்று வைத்துக்கொள்வோம். இவருக்கு யோசிக்கத் தெரிகிறது, படிக்கிற வேகமும் பதற்றமும்தான் பிரச்சினை, இவர் தினமும் வாசிப்பைக் கூட்ட வேண்டும். கடிகாரத்தோடு 13, கடிகாரம் இல்லாமலும் 14 என்றால் இவர் இன்னொரு மாக் எழுதிப் பிரயோஜனமே இல்லை, கடிகாரத்தை மூடிவைத்துவிட்டு கன்க்ளூஷன், அசம்ப்ஷன் என்று அடியிலிருந்து பார்க்க வேண்டும். ஒரே மார்க் வாங்கிய இரண்டு பேருக்கு இரண்டு வேறு மருந்து. விடைத்தாளின் மேலே இருக்கிற ஒற்றை மார்க் இதைச் சொல்லாது. கோச்சிங்கில் வாராவாரம் ரேங்க் போட்டு ஒட்டுகிறார்களே, அது இந்த விஷயத்தில் எதற்கும் உதவாது என்பது என் கருத்து.

அப்புறம் நோட்டு. தப்பான கேள்வியை வெட்டி ஒட்டி, நான் போட்டது எது, அது எனக்கு ஏன் பிடித்தது, அது ஏன் தப்பு, சரியானது என்ன வேலை செய்கிறது என்று எழுத வேண்டும். இரண்டாவதுதான் முக்கியம், எல்லோரும் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். கொஞ்ச நாளில் உங்களை எந்தப் பொறி இழுக்கிறது என்று உங்களுக்கே தெரியும். எனக்கு அளவு மீறிய ஆப்ஷன்கள்தான். பத்தி "சில நேரங்களில்" என்று சொல்லியிருக்கும், ஆப்ஷன் "எப்போதும்" என்று சொல்லும், படிக்க கம்பீரமாக இருப்பதால் கை அங்கே போகும். என் தோழிக்குப் பாதி சரியான ஆப்ஷன். முதல் பாதி பத்தியில் அப்படியே இருக்கும், கமாவுக்குப் பிறகு ஒரு பொய் இருக்கும். வேறு சிலருக்குக் காரணமும் விளைவும் இடம் மாறிய ஆப்ஷன், இன்னும் சிலருக்குப் பத்தியில் உள்ள அதே ஆங்கில வார்த்தைகளைத் திரும்பப் போட்டு எழுதிய ஆப்ஷன். "அக்கா, ரெண்டுத்துல ஒண்ணுன்னு கரெக்டா வந்துடுறேன், எப்பவும் தப்பானதையே போடுறேன், என் ராசி" என்று சொல்வார்கள். ராசியெல்லாம் இல்லை. நான்கில் இரண்டைக் கழிப்பது சுலபம். மிச்சமிருக்கிற இரண்டில் ஒன்று உங்களைப் போன்றவர்களுக்காகவே எழுதப்பட்ட பொறி. அங்கே வந்து நின்றதும் எது நன்றாக இருக்கிறது என்று பார்க்காமல் எதில் ஒரு வார்த்தையாவது பத்தி தாங்காதது இருக்கிறது என்று தேடுங்கள்.

அந்த நிலையில் விடை போடலாமா விடலாமா? போடுங்கள். இரண்டைக் கழித்துவிட்டால் பாதி வாய்ப்பு 1 மார்க், பாதி வாய்ப்பு கால் மார்க் நஷ்டம், கணக்கு நம் பக்கம். ஒன்றுமே கழிக்க முடியாத கேள்வியில் கண்ணை மூடிப் போட்டால் கிடைப்பது சராசரியாக 0.06 மார்க்தான், அதற்காக அங்கே நேரத்தைக் கொட்டாமல் அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள்.

விடைகளே தப்பாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள், நல்ல கேள்வி. ஆன்லைனில் கிடைக்கும் மாக் பலவற்றில் அது நடக்கும். கிளாட்டிலேயே, 2024 டிசம்பரில் நடந்த தேர்வின் விடைகளில் சில தவறு என்று மாணவர்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போய், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் வரை சென்று மதிப்பெண்கள் திருத்தப்பட்டன. ஆகவே விடையோடு சண்டை போடலாம், போட வேண்டும், ஆனால் பத்தியில் எந்த வரி என்று விரல் வைத்துக் காட்டிச் சண்டை போட வேண்டும். மாடியில் இதற்காகவே ஒருவர் ஒரு ஆப்ஷனுக்கு வக்கீல், இன்னொருவர் எதிர் ஆப்ஷனுக்கு வக்கீல் என்று பிரித்து வாதாட விடுவேன். கத்துவார்கள், கீழ் வீட்டுப் பாட்டி வந்து "இன்னாடி சண்டை?" என்று கேட்கும். ஆனால் அப்படி வாதாடித் தோற்ற கேள்வியை யாரும் மறந்ததே இல்லை. சட்டம் படிக்கப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

கேள்விகளுக்குப் பஞ்சம் என்றால் அமெரிக்க சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட் தேர்வின் பழைய தாள்கள் சில, அதை நடத்துகிறவர்களின் லாஹப் (LawHub) தளத்தில் இலவசக் கணக்கிலேயே கிடைக்கின்றன. அதில் லாஜிக்கல் ரீசனிங் கேள்விகள் மிக நேர்த்தியாக இருக்கும், ஒவ்வொரு தப்பான ஆப்ஷனுக்கும் ஒரு தெளிவான காரணம் இருக்கும், நோட்டு எழுதப் பழக இதைவிட நல்ல சரக்கு இல்லை. ஆனால் அங்கே ஒரு சின்னப் பத்திக்கு ஒரு கேள்வி, நெகட்டிவ் மார்க் கிடையாது. ஆகவே அதை வேகத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள், நிதானமாக யோசிக்க மட்டும். வேகத்துக்கு 2020 முதலான உண்மையான கிளாட் தாள்கள் இருக்கின்றன. கிளாட்டை நடத்துகிற கன்சார்ஷியத்தின், அதாவது தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பின் இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். 150 கேள்வித் தாள்களை முதலில் பகுதி பகுதியாகப் போட்டுத் தீர்த்துவிட்டு, 120 கேள்வித் தாள்களைக் கடைசி மாதத்துக்கு எடுத்துவையுங்கள். இவற்றை ஆரம்பத்திலேயே ஆசையில் போட்டுவிட்டால் கடைசியில் நம் அளவைப் பார்க்க நம்பகமான தாள் எதுவும் இருக்காது.

தேர்வு டிசம்பரில் என்பதால் நவம்பர் கடைசி வாரத்தில் புது மாக் வேண்டாம் என்பேன். அந்த வாரம் மழை வேறு இருக்கும், கரன்ட் போகும், நெட் நிற்கும், இரண்டு மணிக்கு உட்காருவது நிச்சயமில்லை. நோட்டை மட்டும் எடுத்து, ஒட்டியிருக்கிற கேள்விகளை விடையை மறைத்துக்கொண்டு திரும்பப் போடுங்கள். அதே பொறியில் மறுபடி விழுந்த கேள்விகளை மட்டும் ஒரு பக்கத்தில் தனியாக எழுதி, எந்த வார்த்தை இழுத்தது என்று அடிக்கோடு போடுங்கள். தேர்வு அன்று சென்டருக்குப் போகும்போது அந்த ஒரு பக்கம் கையில் இருந்தால் போதும். முந்தின நாளே ஒருமுறை போய் சென்டர் எங்கே என்று பார்த்துவிட்டு வாருங்கள், டிசம்பர் மழையில் நம் பக்கத்திலிருந்து எந்தச் சுரங்கப்பாதை மூடியிருக்கும் என்று சொல்ல முடியாது, விம்கோ நகரிலிருந்து மெட்ரோ இருப்பதால் அந்த வழியையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.